முக்கால் நொடிக்குள் நாலு சுற்று

காலணியைக் கழற்றினால்தான் தெரியும். கணுக்காலின் இரு பக்கமும் எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் சிலருக்கு நீர் கோத்து நெல்லிக்காய் அளவு வீங்கியிருக்கும். குதிகாலின் பின்புறம், தோலின் விளிம்பு உரசி உரசி எலும்பே முண்டு கட்டியிருக்கும். நாடா இறுகும் முன்கணுக்காலில் தசைநாண் தொட்டாலே எரியும். இத்தனையையும் மூடிக்கொண்டு மேலே ஒரு ஜோடி வெள்ளைக் காலணி, அதற்கு மேலே உடல் நிறத்தில் ஒட்டிய காலுறை, கல் பதித்த உடை, மாறாத புன்னகை.

ஓட்டப்பந்தய வீரர் எல்லைக்கோட்டில் முகத்தைக் கோணிக்கொண்டு விழலாம். பளு தூக்குபவர் உறுமலாம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அந்தச் சலுகை கிடையாது. தாவலுக்குக் கூடுதல் மதிப்பெண் தர நடுவர்கள் பார்க்கும் குறிப்புகளில் ஒன்றே, 'சிரமம் தெரியாமல் செய்தாரா' என்பதுதான். வலியை மறைக்கும் வழக்கம் எல்லா விளையாட்டிலும் உண்டு. அதற்கு மதிப்பெண்ணும் போடும் விளையாட்டுகள் மிகக் குறைவு.

அந்தச் சிரமம் எவ்வளவு என்று பார்க்க, வீட்டு சீலிங் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 முறை சுற்றுகிறது. 'குவாட்' எனப்படும் நாலு சுற்றுத் தாவலில் ஒரு மனித உடல் சுற்றும் வேகமும் ஏறக்குறைய அதுதான். முன்னணி ஆண் வீரர் ஒருவர் அந்தரத்தில் இருப்பது சுமார் 0.7 நொடி. அதற்காக அவர் எழும்ப வேண்டிய உயரம், பள்ளி இயற்பியல் கணக்கின்படி, 60 சென்டிமீட்டர்; இரண்டடி. அந்த இரண்டடி ஏறி இறங்குவதற்குள் நாலு சுற்றை முடித்து, பின்னோக்கிச் செல்லும்படி, ஒற்றைக் காலில், சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடின் ஒரு விளிம்பில் வந்து நிற்க வேண்டும்.

தரையை விட்டு எழுந்த பிறகு சுழற்சியைக் கூட்டிக்கொள்ள வெளியிலிருந்து எந்த உதவியும் வராது. எழும்பும்போது சேர்த்த கோண உந்தம் எவ்வளவோ அவ்வளவுதான் கைமுதல். அதை வைத்துக்கொண்டு வேகமாகச் சுற்ற ஒரே வழி, உடலைச் சுழலும் அச்சோடு ஒடுக்கிக்கொள்வது: கைகளை மார்போடு, கால்களைப் பின்னிக்கொண்டு, ஒரு பென்சில்போல. கைகளோ வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அவற்றைப் பிடித்து நிறுத்தத் தோளிலும் மார்பிலும் பலம் வேண்டும். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் பேராசிரியர் ஜிம் ரிச்சர்ட்ஸ், வீரர்களின் உடலில் ஒளிரும் புள்ளிகளை ஒட்டி, பல கேமராக்களால் தாவலைப் பதிவுசெய்து, கணினியில் அவர்களின் உருவத்தையே பொம்மையாக்கிக் காட்டினார். முழங்கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தால் போதும், திரையில் தடுமாறிய பொம்மை அதே தாவலைச் சுத்தமாக முடிக்கும்.

சரி, ஏறியாயிற்று. இறங்க வேண்டுமே.

தாவி இறங்கும்போது ஒற்றைக் காலில் பாயும் விசை உடல் எடையைப்போல் 5 முதல் 8 மடங்கு என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்வார்கள். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 225 கிலோவிலிருந்து 360 கிலோ வரை. 25 கிலோ அரிசிச் சிப்பங்களில் ஒன்பதையோ பதினான்கையோ அடுக்கி, கண நேரத்துக்கு ஒரு கால் மீது வைத்து எடுத்தால் எப்படி இருக்கும்? போட்டியில் இப்படி ஏழெட்டு முறை. பயிற்சியில் ஒரு நாளுக்கு 50 முதல் 100 தாவல் வரை.

வெறுங்காலோடு தரையில் குதிப்பவருக்கு இயற்கை ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. முன்பாதம் முதலில் படும், கணுக்கால் மடங்கும், கெண்டைக்கால் தசை நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஸ்கேட்டிங் காலணி அந்த ஏற்பாட்டைப் பூட்டிவிடுகிறது. பிளேடின் மேல் ஆடாமல் நிற்க விறைப்பான தோல், உயர்ந்த குதி, கணுக்காலுக்கு மேல் வரை இறுக்கிய நாடா. கணுக்கால் அசையாததால் அது வாங்க வேண்டிய அடி முழங்காலுக்கும், அங்கிருந்து இடுப்பு மூட்டுக்கும், முதுகுக்கும் ஏறுகிறது. கணுக்கால் மடங்கும்படி கீல் வைத்த காலணிகளைச் சில ஆய்வாளர்கள் வடிவமைத்துப் பார்த்தார்கள். வீரர்கள் ஏற்கவில்லை. பத்து வருடம் ஒரு காலணியில் பழகிய உடலை இன்னொன்றுக்கு மாற்றுவதென்றால் ஒரு பருவமே போய்விடும். போட்டியில் இருப்பவர் யார் துணிவார்?

இன்னொரு சங்கடம், இந்த அடி இரு கால்களுக்கும் பங்காவதில்லை. பெரும்பாலானவர்கள் இடப்பக்கமாகச் சுற்றுபவர்கள். அவர்கள் எந்தத் தாவலைச் செய்தாலும் இறங்குவது வலது காலில்தான். ஆறேழு வயதிலிருந்து ஓய்வு பெறும் வரை அதே கால், அதே இடுப்பு. 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் 15 வயதில் தங்கம் வென்ற டாரா லிபின்ஸ்கிக்கு 18 வயதில் இடுப்பில் அறுவை சிகிச்சை. மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு கிழிந்திருந்தது. என்ன கோளாறு என்றே நெடுநாள் கண்டுபிடிக்கப்படவில்லை. 1996இல் அமெரிக்கச் சாம்பியனான ரூடி கலிண்டோவுக்கு முப்பதுகளிலேயே இரண்டு இடுப்பு மூட்டையும் மாற்ற நேர்ந்தது. நம் தாத்தா பாட்டிகளுக்குச் செய்யும் அறுவை அது. 2022 ஒலிம்பிக் சாம்பியன் நேதன் சென், 16 வயதில் தேசியப் போட்டி முடிந்த பிறகு நடந்த காட்சி நிகழ்ச்சியில் இடுப்பைக் காயப்படுத்திக்கொண்டு அறுவைக்குப் போனார். ஜப்பானின் யுசுரு ஹன்யூ 2017 நவம்பரில் வலது கணுக்காலை உடைத்துக்கொள்ளாத குறையாகக் காயப்படுத்திக்கொண்டு, மூன்றே மாதத்தில் வலி மாத்திரையோடு பியோங்சாங்கில் இரண்டாவது ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தார். அந்தக் காலில்தான் அவருடைய ஒவ்வொரு தாவலும் இறங்கியது.

எப்போதும் இப்படியா இருந்தது? இல்லை. இந்த விளையாட்டின் பெயரிலுள்ள 'ஃபிகர்' தாவலைக் குறிப்பதே அல்ல. பனியில் எட்டு வடிவத்தையும் அதன் வகையறாக்களையும் பிளேடால் வரைந்து, அதே கோட்டின் மேல் மறுபடி மறுபடி சறுக்குவதுதான் ஃபிகர். நம்மூர் கோலப் போட்டியில் இழை பிசகாமல் மறு இழை போடுவதைப் போன்ற வேலை. 1968 வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்குத்தான். பார்ப்பவருக்குக் கொட்டாவி வரும், தொலைக்காட்சிக்கு ஆகாது. படிப்படியாகக் குறைத்து, 1990க்குப் பிறகு எடுத்தே விட்டார்கள். தினம் பல மணி நேரம் கோடு வரைந்த பிள்ளைகள் அந்த நேரத்தையும் தாவலுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த திருப்பம் 2002 சால்ட் லேக் சிட்டி. இரட்டையர் போட்டியில் நடுவர் முறைகேடு வெடித்து, பழைய 6.0 மதிப்பெண் முறை கைவிடப்பட்டது. 2004இல் வந்த புதிய முறை ஒவ்வொரு அசைவுக்கும் விலைப்பட்டியல் போட்டது. பின்னாளைய பட்டியல் ஒன்றில் மூன்று சுற்று 'டோ லூப்' தாவலுக்கு 4.2 புள்ளி, நாலு சுற்றுக்கு 9.5. கீழே விழுந்தால் கழிப்பது ஒரு புள்ளி. செயல்பாட்டின் தரத்துக்காகவும் கணிசமாகக் குறையும் என்றாலும், சுற்றை முழுமையாக முடித்துவிட்டு விழுந்த குவாட்கூட, சுத்தமாக முடித்த மூன்று சுற்றுக்கு நெருக்கமான புள்ளி பெறுவது நடக்கிற காரியம்தான். ஊழலைத் தடுக்கப் போட்ட பட்டியல் இது, அந்த வகையில் நியாயமானதும்கூட. ஆனால் விலை ஒட்டிய பிறகு எல்லோரும் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள், குவாட்டுக்கு உகந்த உடல் எதுவென்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள்: பூப்படையாத சிறுமியின் உடல்.

ஒரு பெண் உருவம் மாறாமல் 10 சதவீதம் வளர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எடை மூன்று திசையிலும் கூடுவதால் 33 சதவீதம் ஏறும். சுழற்சியை எதிர்க்கும் குணத்துக்குப் பாடநூல் சூட்டிய பெயர் நிலைமத் திருப்புத்திறன். அது எடையோடு அச்சிலிருந்துள்ள தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிக்கொள்வதால் 61 சதவீதம் ஏறும். தசையின் பலமோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. 21 சதவீதம்தான் ஏறும். இது முரட்டுக் கணக்கு, உயிருள்ள உடல் இவ்வளவு சீராக வளர்வதில்லை. ஆனாலும் திசை இதுதான். பையன்களுக்கு வளர்ச்சியோடு தசையும் கூடுகிறது. பெண்களுக்கு இடுப்பும் மார்பும் அகல்கின்றன. அச்சிலிருந்து தள்ளி எடை சேர்கிறது. 13 வயதில் விளையாட்டுப்போல வந்த தாவல் 16 வயதில் வர மறுக்கிறது. அந்தப் பெண் சோம்பேறியாகிவிட்டாள் என்று பயிற்சியாளர் நினைக்கிறார். அவளும் அப்படியே நினைக்கிறாள்.

பிறகு அந்தக் கணக்கு சாப்பாட்டுத் தட்டுக்கு வருகிறது.

ஜப்பானின் அகிகோ சுசுகி 18 வயதில் வீட்டை விட்டுப் பல்கலைக்கழகம் போனபோது, கொஞ்சம் எடை குறைக்கலாம் என்று ஆரம்பித்தார். 48 கிலோவிலிருந்த உடல் 32 கிலோவுக்கு வந்துவிட்டது. உணவை மறுக்கும் நோயான அனோரெக்சியாவிலிருந்து மீண்டு, 2010, 2014 ஒலிம்பிக் இரண்டிலும் எட்டாவதாக வந்தார். 27 வயதில் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்கயாவுக்கு அந்தத் திரும்பல் வாய்க்கவில்லை. 2014இல் சோச்சியில், 15 வயதில், சிவப்பு உடையில் அவர் சுழன்றதை உலகமே பார்த்தது. 2017இல் அனோரெக்சியாவுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு 19 வயதில் ஓய்வை அறிவித்தார். ஆண்களும் தப்பவில்லை. அமெரிக்காவின் ஆடம் ரிப்பன், தன்னைவிட வயதில் குறைந்த, மெலிந்த குவாட் வீரர்களோடு போட்டியிட்ட 2016இல், ஒரு நாளைக்கு மூன்று துண்டு ரொட்டியோடு நிறுத்திக்கொண்டதாகப் பின்னர் சொன்னார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் பாத எலும்பு உடைந்தது.

பட்டினிக்கும் உடைந்த எலும்புக்கும் உள்ள தொடர்பு இன்று நன்றாகவே தெரியும். பயிற்சிக்குப் போக மிஞ்சும் ஆற்றல் போதவில்லை என்றால் மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி வீட்டுச் செலவைச் சுருக்கும் குடும்பத் தலைவிபோல் நடந்துகொள்கிறது. உயிர் வாழ உடனே தேவைப்படாத செலவுகளை நிறுத்துகிறது. முதலில் நிற்பது இனப்பெருக்கச் சுழற்சி. மாதவிடாய் தள்ளிப்போகிறது, பிறகு நின்றேவிடுகிறது. பல பயிற்சிக்கூடங்களில் இதைச் சகஜம் என்றும், நல்ல கட்டுப்பாட்டின் அடையாளம் என்றும்கூட நினைத்த காலம் உண்டு. மாதவிடாய் நிற்பதன் பொருள் ஈஸ்ட்ரோஜன் வற்றிவிட்டது என்பது. எலும்பைக் கரையாமல் காப்பதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே நோய்த்தொகுப்பாக அறிவித்து, ஆண்களையும் அதில் சேர்த்தது.

காலம் வேறு மோசமாக அமைகிறது. வளர்ந்த மனிதரின் எலும்பிலுள்ள கனிமத்தில் ஏறத்தாழ கால் பங்கு, வளரிளம் பருவத்தில் உயரம் வேகமாகக் கூடும் நேரத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. சிறுமிகளுக்கு அது சுமாராக 12, 13 வயது. நாளுக்கு நூறு முறை ஒற்றைக் காலில் இறங்கி, தட்டில் பாதியை ஒதுக்கிவைக்கும் வயதும் அதுதான். பாத எலும்பிலும் முதுகெலும்பிலும் மயிரிழை விரிசல் விழுகிறது. காலைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்து, முதுகை வில்லாக வளைத்துச் சுழலும் அழகான நிலை ஒன்று உண்டே, அதற்காகத் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி செலுத்தும் வரி தனி.

தலைக் காயம் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே யாரும் தலைக்கவசம் அணிவதில்லை. 1996இல் லாட்வியாவின் ரிகா நகரில், பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த தன் ஜோடி வீரரின் பிளேடு எலெனா பெரெஷ்னயாவின் மண்டையைப் பிளந்தது. பேச்சே போய், மறுபடி பேசக் கற்றார். இரண்டே ஆண்டில் வேறு ஜோடி வீரரோடு ஒலிம்பிக் வெள்ளி, 2002இல் தங்கம். 2014 நவம்பரில் ஷாங்காயில், போட்டிக்கு முந்தைய பயிற்சி நிமிடங்களில், ஹன்யூவும் சீன வீரர் யான் ஹானும் முழு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். ஹன்யூ தலையில் கட்டோடு வந்து ஆடினார். ஐந்து முறை விழுந்து எழுந்து வெள்ளி வாங்கினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டியிருக்கக் கூடாது. மூளை அதிர்ந்திருக்கக்கூடிய 19 வயதுப் பையனை அன்று யாராவது பனித்தளத்துக்குள் விடாமல் தடுத்திருக்க வேண்டும்.

மனதின் கதையில் ஸ்கேன் எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. போட்டியின் இரண்டாம் பகுதியான நீள்நிகழ்ச்சியின் கால அளவு நாலு நிமிடம். அதற்கான தயாரிப்பு ஒரு சிறுமியின் முழு வாழ்க்கை, பெரும்பாலும் அவள் குடும்பத்தின் வாழ்க்கையும்கூட. லிபின்ஸ்கியின் தந்தை டெக்சஸில் வேலையில் இருந்தார். தாயும் மகளும் பயிற்சியாளரைத் தேடி வேறு மாநிலங்களில் குடியிருந்தார்கள். இப்படிப் பிரிந்து வாழும் குடும்பங்கள் இந்த விளையாட்டில் ஏராளம். பத்து வயதுப் பிள்ளைக்குச் செலவுக் கணக்கு தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு முறை விழும்போதும் அப்பா அனுப்பிய பணம் நினைவுக்கு வரும்.

ஆடி முடித்ததும் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்க ஒரு பெஞ்சு உண்டு. 1983இல் ஹெல்சிங்கியில் நடந்த உலகப் போட்டியில் அதற்கு 'கிஸ் அண்ட் க்ரை' என்று பெயர் விழுந்தது. முத்தமிடவும் அழவும் ஓர் இடம். மூச்சு இன்னும் அடங்காத, பல சமயம் வயதுக்கே வராத ஒரு பிள்ளை, தோல்வியை முதன்முதலாக உணரும் முகத்தை கேமரா நெருக்கத்தில் காட்டுவதற்கென்றே அமைத்த பெஞ்சு வேறு விளையாட்டுகளில் அரிது.

அமெரிக்காவின் கிரேசி கோல்ட் 2016இல் பாஸ்டன் உலகப் போட்டியில் முதல் பகுதியான குறுநிகழ்ச்சியின் முடிவில் முதலிடத்தில் இருந்தார். சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் இறுதியில் நாலாவதாக முடித்தார். 2017இல் மனச்சோர்வு, பதற்றம், உணவுக் கோளாறு மூன்றுக்கும் சிகிச்சைக்காக ஒதுங்கினார். 2024இல் அதையெல்லாம் ஒளிவு மறைவின்றி நூலாக எழுதினார். உருவம் கெட்டவள், மதிப்பற்றவள், தோற்றவள் என்ற பொருள் வரும் சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி அதற்குத் தலைப்பு வைத்தார். அவர் தன்னைத்தானே அழைத்துக்கொண்ட பெயர் அது.

2022 பிப்ரவரி 17 அன்று பெய்ஜிங்கில் நடந்தது எல்லாவற்றையும் ஒரே இரவில் வெளியே கொண்டுவந்தது. 15 வயது கமீலா வலியேவாவின் சிறுநீர் மாதிரியில் ட்ரைமெட்டாசிடின் என்ற மருந்து இருந்தது ஒன்பது நாள் முன்பு தெரியவந்திருந்தது. நெஞ்சுவலி நோயாளிகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை அது. விசாரணை முடியும் வரை ஆட அனுமதித்தார்கள். முதலிடத்தில் இருந்தவர் விழுந்து எழுந்து நாலாவது இடத்துக்குப் போனார். பனியை விட்டு வெளியே வந்த பிள்ளையிடம், ஏன் போராடுவதை விட்டுவிட்டாய் என்றுதான் பயிற்சியாளர் எத்தேரி துத்பெரித்சே முதலில் கேட்டார். ஐந்து குவாட்களைச் செய்து வெள்ளி வென்ற அலெக்சாண்ட்ரா துருசோவா, இனி பனியில் கால் வைக்கவே மாட்டேன் என்று கதறினார். தங்கம் வென்ற ஆன்னா ஷெர்பகோவா ஒரு கரடி பொம்மையோடு தனியே நின்றார். உள்ளே ஒரு வெறுமை இருப்பதாகப் பிறகு சொன்னார். மூவரும் ஒரே பயிற்சியாளரின் மாணவிகள். அதே ஆண்டு ஷெர்பகோவாவுக்கு முழங்காலில் அறுவை நடந்தது. வலியேவாவுக்கு 2024இல் நாலு ஆண்டுத் தடை வந்தது. தண்டனை, 15 வயதில் சோதனையில் சிக்கிய பிள்ளைக்கு.

2022 ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடி, மூத்தோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15லிருந்து படிப்படியாக 17க்கு உயர்த்தியது. ஆதரவாக 100 வாக்கு, எதிராக 16. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் இளையோர் போட்டிகளுக்கு அது பொருந்தாது; அங்கே 13 வயதுப் பிள்ளைகள் இன்னும் குவாட் தாவுகிறார்கள், அந்தத் தாவலுக்கு அங்கும் அதே விலைப்பட்டியல்தான். எலும்பு சேரும் இரண்டு ஆண்டுகள் அந்த வயதுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன.

பெய்ஜிங்கில் ஆடியவர்களில் இன்னொரு பெண்ணும் இருந்தார். அலிசா லியு, 13 வயதில் அமெரிக்காவின் மூத்தோர் சாம்பியன். அடுத்த ஆகஸ்டில், 14 வயதில், போட்டியில் குவாட் செய்த முதல் அமெரிக்கப் பெண். 2022 ஏப்ரலில், 16 வயதில், போதும் என்று விலகினார். மலையேறினார், கல்லூரியில் உளவியல் படித்தார். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது நிபந்தனை போட்டுக்கொண்டு வந்தார்: இசை, உடை, பயிற்சி நேரம், சாப்பாடு எல்லாம் தன் முடிவு.

2025 மார்ச்சில் உலகப் போட்டி மறுபடி பாஸ்டனில் நடந்தது, கோல்ட் தோற்ற அதே அரங்கில். லியுவுக்கு 19 வயது. அவருடைய நீள்நிகழ்ச்சியில் ஒரு குவாட்கூட இல்லை. 13 வயதில் செய்துகாட்டிய, மூன்றரைச் சுற்று 'ஆக்ஸல்' தாவலும் இல்லை. இருந்த தாவல்கள் ஒவ்வொன்றிலும் வலது காலில் சத்தமில்லாமல் இறங்கி, 222.97 புள்ளியோடு உலகச் சாம்பியனானார். மதிப்பெண் பலகையைப் பார்த்துவிட்டு, கிஸ் அண்ட் க்ரை பெஞ்சில், நம்ப முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.